திறந்தால் குளிர் போய்விடும்

அக்கா,

இன்று காலை உங்கள் பிறீசரின் மூடியைத் திறந்தேன். மீன் மணக்கவில்லை, பூச்சி உருண்டை மணந்தது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, தேசிக்காய் தேய்த்து, முற்றத்து வெயிலில் மூடி திறந்து காயவிட்டும் அந்த மணம் போகவில்லை. நல்லநாள் பெருநாளுக்கு நீங்கள் கட்டிவருகிற சேலைகளில் வருமே, அதே மணம். நீங்கள்தான் பக்கத்தில் வந்து நிற்கிறீர்கள் என்று ஒரு கணம் திரும்பிப் பார்த்தேன்.

கதிரையில் இருந்த என் கணவர்தான் கழுத்தை நீட்டிக்கொண்டிருந்தார்.

"உதென்ன மணம்? மீன் வைச்ச பெட்டியெண்டெல்லோ சொன்னனீர்? துணி அலுமாரி மாதிரி மணக்குது."

மூடியைச் சாத்திவிட்டுக் குசினிக்குள் போய்விட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை, சும்மா நின்றேன். முன்பென்றால் இந்த மாதிரி நேரத்தில் வேலியில் ஆள் நுழைகிற பொட்டால் குனிந்து வந்து உங்கள் குசினியில் நிற்பேன். இப்போது நீங்களும் இல்லை, பொட்டும் இல்லை. வேலிக் கதியால்களைப் பிடுங்கி எறிந்துவிட்டு உங்கள் மகள் அந்த இடத்தில் மதில் கட்டுவிக்கிறாள். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்குப் பாதுகாப்பு வேண்டுமாம். அதனால் இருந்து எழுதுகிறேன்.

இந்தப் பிறீசரை நீங்கள் தெரிவு செய்த நாளை உங்களோடு வந்த நான் மறக்கமாட்டேன். அந்தக் கடைத் தம்பியும் மறந்திருக்கமாட்டான்.

நீங்கள் சைக்கிளால் விழுந்து முழங்காலை உரஞ்சிக்கொண்ட கதை எப்படியோ கனடாவுக்குப் போய்விட்டது. உங்கள் மகள் முதலில் கேற்றடியில் ஒரு கமரா பூட்டுவித்தாள். நமக்கு விடியும்போது அவளுக்கு அங்கே இரவு. படுக்கமுன் தாயின் கேற்றை ஒருதரம் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள். அடுத்ததாகப் பிறீசர். "அம்மா, இனி நீங்கள் மீனுக்கெண்டு கடற்கரைக்குச் சைக்கிளோடித் திரியத் தேவையில்லை. கிழமைக்கு ஒருக்கால் ஆரும் கொண்டுவந்து தருவினம், எடுத்து எடுத்துச் சமையுங்கோ. கடைக்குப் போய் நல்லதாப் பாத்து நீங்களே தெரிவு செய்யுங்கோ" என்றாள்.

போனை வைத்துவிட்டு நீங்கள் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். "ஆளை மறியல்லை பூட்டி வைக்கேக்கை, எந்த மறியல் விருப்பமெண்டு கேட்டுப் பூட்டுறாள். பாசமான பிள்ளையடி."

யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறிப் போனோம். கடைத் தம்பி நல்ல பிள்ளை. ஒரு மூடி உள்ளது, இரண்டு மூடி உள்ளது, கம்பிக்கூடை வைத்தது, கரண்ட் குறைவாகக் குடிப்பது என்று ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினான். கரண்ட் போனாலும் ஒரு நாள் முழுக்கக் குளிர் நிற்குமென்று நெஞ்சைத் தொட்டுச் சொன்னான். நீங்கள் மூடியின் றப்பரை விரலால் அமத்திப் பார்த்துக்கொண்டு நின்றீர்கள்.

"தம்பி, இதுக்குள்ளை எலி போகுமோ?"

"எலியோ? பிறீசருக்குள்ளை எலி என்னெண்டம்மா போறது? விறைச்செல்லோ செத்துப்போகும்!"

"சரி, கரண்ட் குடுக்காமல் விட்டால்?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மின்விசிறிகள் அடுக்கியிருந்த பக்கம் திரும்பிவிட்டேன்.

"கரப்பான் போகுமோ?"

"போகாதம்மா."

"பூட்டும் திறப்பும் இருக்கோ?"

இருந்தது. அதைத்தான் எடுத்தீர்கள். எத்தனை லீற்றர், எந்தக் கொம்பனி என்று நீங்கள் கேட்கவேயில்லை. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போதுதான் எனக்குச் சொன்னீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் கறையான் ஏறியிருந்ததாம். கூறைச் சேலையைக் காப்பாற்ற ஒரு நல்ல பெட்டி தேடிக்கொண்டிருந்தீர்களாம். முருகன் மகள் வடிவில் வந்து வழிகாட்டினான் என்றீர்கள். பஸ் வரும்வரைக்கும் சிரித்து எனக்கு விலா நொந்தது.

அப்படித்தான் அந்தப் பிறீசர் ஒரு மீனையும் காணாமல் உங்கள் சேலைகளோடு இருந்தது. விடிந்ததும் நீங்கள் கேற்றுப் பக்கம் போகாமல், வீட்டுப் பின்னால் கோடிப்பக்கத்துப் பொட்டால் குனிந்து எங்கள் வளவுக்குள் வருவீர்கள். உங்கள் சைக்கிள் எங்கள் மாட்டுக்கொட்டிலில் நின்றது. எங்கள் கேற்றால் இரண்டு பேருமாக வெளிக்கிட்டு மாதகல் கடற்கரை றோட்டில் ஏறிவிடுவோம். கனடாவில் உங்கள் மகள் அசையாத கேற்றைப் பார்த்து, அம்மா வீட்டுக்குள் பத்திரமாக இருக்கிறா என்று நிம்மதியாகப் படுத்துக்கொள்வாள். கமரா பூட்டியவர்கள் கேற்றை நினைத்தார்கள். யாழ்ப்பாணத்து வேலியில் பொட்டு இருக்குமென்பதை வெளிநாட்டுக்குப் போய் மறந்துபோனார்கள்.

"மீன் வேண்டுறது கொஞ்ச நேரம். மிச்ச நேரம் எங்கடை" என்பீர்கள். வள்ளங்கள் வந்து, மீன் ஏலம் கூறி முடிந்து, கூடைக்குள் ஓராவோ திரளியோ விழுந்த பிறகு அந்தப் பழைய சீமெந்துக் கட்டில் ஏறி இருப்போம். செருப்பைக் கழற்றிவிட்டுக் காலைத் தொங்கப்போடுவீர்கள். யார் வீட்டில் கலியாணம், யார் காணியை விற்கிறார்கள், யார் யாரோடு கோபம் என்பதெல்லாம் அங்கேதான் நமக்குத் தெரியவரும். சில நாள் ஒன்றும் கதைக்காமலே இருந்துவிட்டு எழும்பி வருவோம். அந்த நாட்கள்தான் எனக்குக் கூடுதலாகப் பிடித்திருந்தன.

ஒருநாள் அங்கே இருக்கும்போதே உங்கள் போன் அடித்தது. அலைச் சத்தத்தைக் கேட்டு என்ன இரைச்சல் என்று மகள் கேட்டாள். "காத்து, பிள்ளை. தென்னை ஆடுது" என்றீர்கள். தென்னையும் ஆடிக்கொண்டுதான் இருந்தது, பொய்யில்லை.

ஆனால் வீடியோ அழைப்பு வந்த நாளில் பிடிபட்டோம் என்றே நினைத்தேன். நான் உங்கள் வீட்டில்தான் நின்றேன். பிறீசர் எப்படி வேலை செய்கிறது, மூடியைத் திறந்து காட்டுங்கோ அம்மா, என்ன மீனெல்லாம் கிடக்கு என்று பார்ப்போம் என்றாள். உள்ளே கூறைச் சேலையும் நாலு காஞ்சிபுரமும் கிடந்தன. நீங்கள் கண்ணும் வெட்டவில்லை.

"திறந்தாக் குளிர் போயிடும், பிள்ளை."

"ஓமென்ன? சரியம்மா, அப்ப திறவாதேங்கோ" என்றாள் அவள், உடனே. அந்த 'சரியம்மா'வைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எத்தனை நாள் சிரித்தோம்.

உங்கள் மறியல் ஒரு விதம், எனது இன்னொரு விதம். உங்கள் வீட்டில் ஆளில்லை, கமரா இருந்தது. என் வீட்டில் ஆள் இருக்கிறார், கமரா தேவையில்லை.

இவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஊரையே வரிசையில் நிறுத்திப் பழகியவர். பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்த பிறகு அந்தக் கதிரைதான் அவருக்குச் சங்கக்கடை. வரிசையில் நிற்க நான் ஒருத்திதான் மிச்சம். "இஞ்சை வாரும்" என்பார். வந்தால் யன்னலைச் சாத்தச் சொல்வார். சாத்திவிட்டுப் போய்க் கரண்டியைக் கையில் எடுத்தால் மறுபடி "இஞ்சை வாரும்." யன்னலைத் திறக்க வேண்டுமாம். கோபம் வரும். கோபப்பட்டதற்காக அழுகை வரும். மகன் காசனுப்பி மேல்மாடியும் கட்டிய பெரிய வீடு இது. இவ்வளவு பெரிய வீட்டில் எனக்கு மூச்சு விட ஒரு மூலை இல்லை, அக்கா. குளிக்கும்போதுகூடக் கதவுக்கு வெளியே அந்தக் குரல் நிற்கும்.

வெளியே போக எனக்குக் கிடைத்த ஒரே பாஸ் அவருடைய நாக்குத்தான். சண்டைக் காலத்தில் பாஸ் எடுத்து இந்தக் குடாநாட்டை விட்டு வெளியே போன காலத்தை அனுபவித்தவர்கள் நாங்கள். ஒரு பாஸின் அருமை நமக்குத் தெரியும். இவருக்குப் பச்சை மீன் வேண்டும். ஐஸ் போட்ட மீனை வாயில் வைக்கமாட்டார். "ஐஸ் மீனும் ஒரு மீனோ? அது பிரேதம்" என்பார். பச்சை மீனும் செத்ததுதானே என்று நான் வாய் திறக்கவில்லை. காலையில் தேத்தண்ணியும் மருந்தும் கொடுத்து, றேடியோவைப் பக்கத்தில் வைத்துவிட்டு, அந்த வீம்பின் புண்ணியத்தில்தான் நான் கேற்றைத் தாண்டினேன்.

திரும்பி வந்து முற்றத்தில் இருந்து மீன் வெட்டும்போது, கதிரையை விறாந்தை விளிம்புவரை இழுத்துவிடச் சொல்லுவார். "இண்டைக்கு என்ன புதினம்? ஆர் வந்தது? என்ன கதைச்சனீங்கள்?" என்று ஒன்றும் விடாமல் கேட்பார். கமரா இல்லாத குறையை இவர் தீர்க்கிறார் என்று எனக்குள் பொருமுவேன். ஆனாலும் சொல்லுவேன். சொல்லாவிட்டால் நாளைக்குப் போகமுடியாதோ என்ற பயம்.

உங்கள் பிறீசரைப் பற்றி உங்கள் மகள் என் மகனுக்கு லண்டனுக்குச் சொன்ன நாளிலிருந்து அவனுக்கும் அந்த ஆசை பிடித்துக்கொண்டது. அம்மாவும் ஒரு பிறீசர் தெரிவு செய்யட்டும் என்றான். நான் தெரிவு செய்தேன். தெரிவு செய்துகொண்டே இருந்தேன். அவன் போனில் படம் அனுப்புவான். இது ஆழம், குனிந்து எடுக்க இடுப்புப் பிடிக்கும் என்பேன். அடுத்ததற்கு, மூடி சுவரில் முட்டும் என்பேன். இன்னொன்றை வைத்தால் இவருடைய கதிரை திரும்ப இடமிராது என்று நிலத்தில் சோக்கட்டியால் கீறிக் காட்டினேன். நேரில் பார்க்க வேண்டுமென்று உங்களையும் கூட்டிக்கொண்டு யாழ்ப்பாணத்துக்கும் சங்கானைக்கும் போனதை நினைத்துப் பாருங்கள். பிறீசர் வாங்காமல் இருப்பதற்காக நாங்கள் எத்தனை ஊர் சுற்றினோம்! "உன்னைப் போலை மாப்பிளைக்குக் குறை பிடிச்சிருந்தால், ஊரிலை ஒரு பெட்டையும் கலியாணம் கட்டியிருக்கமாட்டாள்" என்றீர்கள்.

பிறகு உங்களுக்கு ஒரு காய்ச்சல் வந்தது. ஆசுப்பத்திரிக்கு ஓட்டோவில் ஏறும்போது பிறீசர் திறப்பை என் கையில் வைத்து, "உன்னட்டைக் கிடக்கட்டும்" என்றீர்கள். வேறொன்றும் சொல்லவில்லை. திரும்பி வந்து வாங்கிக்கொள்வீர்கள் என்று நானும் பேசாமல் இடுப்பில் செருகினேன்.

உங்கள் எட்டுச் செலவுக்கு முதல்நாள்தான் எனக்குச் சோதனை வந்தது. செத்தவருக்கு விருப்பமானதைச் சமைத்துப் படைக்கிற நாள் அல்லவா, உங்களுக்கு விளைமீன் குழம்பு என்பது ஊரறிந்தது. உங்கள் மகள் அழுது வீங்கிய முகத்தோடு என்னிடம் வந்தாள். "அன்ரி, கடையிலை மீன் வேண்ட வேண்டாம். அம்மா தன்ரை கையாலை வேண்டி வைச்ச மீன் பிறீசருக்குள்ளை கிடக்குமெல்லோ. அதையே காய்ச்சிப் படைப்பம். திறப்பு உங்களிட்டையோ?"

நான் என்ன சொல்ல, அக்கா? உன் அம்மா உன்னை ஏமாத்திப் பேய்க்காட்டினவ என்று, உங்களைப் பறிகொடுத்து நிற்கிற பிள்ளைக்குச் சொல்லவா? "நீ ஏனம்மா கை விறைக்க நிக்கிறாய்? காலமை நான் எடுத்து இளகவிட்டு வெட்டித் தாறன்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

விடியுமுன் பொட்டால் போய், உங்கள் சேலைகளை மார்போடு அணைத்து என் அலுமாரிக்குக் கடத்தினேன். பிறீசருக்கு முதல்முதலாகக் கரண்ட் கொடுத்தேன். அது உறுமத் தொடங்கியபோது வீடு முழுவதும் எழும்பிவிடுமோ என்று பயந்தேன். பிறகு மாதகலுக்கு மிதித்து, முதல் வள்ளத்தில் வந்த விளைமீனை வாங்கி வந்து பெட்டிக்குள் போட்டேன். மகள் எழும்பி வந்தபோது மீன் ஓரளவு குளிர்ந்திருந்தது, நான் வியர்த்திருந்தேன்.

படைத்து முடிந்து அவள் ஒரு வாய் வைத்தாள். கண்ணால் தண்ணி ஓடியது. "அம்மான்ரை கை பட்ட மீன்" என்றாள். அந்த இடத்தில் நான் பொய் சொன்னதற்காக வருந்தவில்லை. இப்போதும் வருந்தவில்லை. வருத்தம் அடுத்த பேச்சில்தான் வந்தது.

"இவ்வளவு நாள் கிடந்த மீன், இப்ப பிடிச்ச மாதிரியெல்லோ கிடக்கு! அன்ரி, இது திறம் சாமான். நீங்கள் ஒண்டும் புதுசா வேண்ட வேண்டாம். அம்மான்ரை பிறீசரை உங்களுக்குத்தான் தரப்போறன்."

நான் இங்கே தலையாட்டி முடிக்குமுன் செய்தி லண்டனுக்குப் போய்விட்டது. அதைவிடப் பெரிய அடி வீட்டில் விழுந்தது. இவருக்கென்று ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். வழித்துச் சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறார்: "உது ஐஸ் மீனோ? நம்பேலாமல் கிடக்கு. இப்பத்தைய பெட்டியள் நல்லம்போலை. அப்ப இனி நீர் வெயிலுக்குள்ளை போய் அலையத் தேவையில்லை."

உங்களைக் காப்பாற்றப் போய் என் பாஸைக் கிழித்துவிட்டேன். அன்பாகச் சொல்கிற மனிதரோடு எப்படிச் சண்டை பிடிப்பது? மகன் அன்பாகத்தான் சொல்கிறான், உங்கள் மகள் அன்பாகத்தான் தருகிறாள், இவரும் அன்பாகத்தான் விடுகிறார். எல்லாரும் கூடிப் பாசத்தோடு மூடியைச் சாத்துகிறார்கள். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்து உங்கள் மகள் விமானம் ஏறினாள். நேற்றுப் பெட்டியை றோட்டால் சுற்றித் தூக்கிவந்து விறாந்தையில் வைத்தார்கள். அடுத்த மாதம் எங்கள் கேற்றுக்கும் கமரா வருமாம்.

இவ்வளவும்தான் இன்று காலை அந்த மணத்தோடு வந்தது.

மத்தியானம் இவர் இடக்கையால் கரண்டியைப் பிடித்துச் சோற்றை அளைந்துகொண்டு, "உண்மையைச் சொல்லும். உந்தப் பெட்டிக்குள்ளை எப்பவாவது மீன் மச்சம் கிடந்ததோ?" என்று கேட்டார்.

மூடிமறைக்க எனக்குத் தெம்பில்லை. எலி, கரப்பான், கூறைச் சேலை, பொட்டு, மாட்டுக்கொட்டில், தென்னை ஆடியது, எட்டுக்கு வாங்கிய விளைமீன் என்று எல்லாவற்றையும் கொட்டினேன். அந்த வீடியோ அழைப்பில் நீங்கள் சொன்னதையும் சொன்னேன். வாயின் ஒரு பக்கம் மட்டும் கோண அவர் சிரித்தார். பாரிசவாதத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் காணவில்லை.

"அப்ப எட்டுக்கு நான் திண்டது பச்சை மீன்."

"ஓம்."

"அதுதானே பாத்தன். என்ரை நாக்கையெல்லோ நான் சந்தேகப்பட்டுக்கொண்டு இருந்தனான்!"

அவருக்கு அந்தக் கவலை தீர்ந்தது. எனக்குத்தான் தீரவில்லை. இந்த நேரத்தை விட்டால் இனிமேல் சொல்லமாட்டேன் என்று தோன்றியது. கோப்பையை வாங்கி வைத்துவிட்டு முன்னால் நின்றேன்.

"இஞ்சருங்கோ, நான் மீனுக்குப் போகேல்லை. எனக்கு இந்த வீட்டை விட்டு வெளியாலை போகோணும். ஒவ்வொரு நாளும் போகோணும். இல்லாட்டி எனக்கு விசர் பிடிச்சிடும்."

"வெள்ளிக்கிழமையிலுமோ?"

வெள்ளி விரதம், வீட்டில் மச்சமில்லை. நான் மீனைச் சாட்டிப் போகமுடியாத நாள் அது. நான் யோசிக்கவில்லை.

"ஓம். வெள்ளியிலையும்."

அவர் தன் விழுந்த கையை இடக்கையால் எடுத்து மடியில் வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"நீர் மீனுக்குப் போகேல்லையெண்டு எனக்கு எப்பவோ தெரியும். நீர் முள்ளு எடுத்துத் தந்தாலும் எனக்கு மீனெண்டால் இப்பப் பயம், விக்கிப்போடுமெண்டு. நீர் வந்திருந்து வெட்டிக்கொண்டு சொல்லுற புதினத்துக்குத்தான் மீன் கேட்டனான். உம்மடை அக்காவும் போயிட்டா, தனியப் போய் வாறீரே பாவம் எண்டுதான் பெட்டியை ஓமெண்டனான். பெட்டிக்குள்ளை கிடக்கிற மீன் எனக்கு என்ன புதினம் சொல்லப்போகுது?"

இத்தனை நாளாக நான் விசாரணை என்று நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்ன பதில்களை இவர் நாள் முழுவதும் வைத்துத் தின்றிருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. குசினிக்குள் ஓடாமல் அவருக்கு முன்னாலேயே அழுதேன்.

பின்னேரம் மகன் வீடியோவில் வந்தான். "அம்மா, மீன் போட்டாச்சோ? மூடியைத் திறந்து காட்டுங்கோ பாப்பம்" என்றான். பெட்டி வயரும் சுருட்டினபடி கிடக்கிறது. உங்களுக்கு இருந்த நெஞ்சுரம் எனக்கில்லை. கதிரையிலிருந்து இவருடைய குரல் வந்தது, பழைய மனேச்சர்க் குரல்.

"திறந்தாக் குளிர் போயிடும், தம்பி."

"ஓமென்ன, அப்பா? சரி, அப்ப திறவாதேங்கோ" என்றான் அவனும்.

அழைப்பு முடிந்து இருவரும் சிரித்தோம். சிரித்து ஓய்ந்த பிறகு அவர் கேட்டார்: "என்னையும் ஒருக்கால் அந்தக் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போவீரோ? ஓட்டோவிலை."

நான் மகிழ்ந்திருக்க வேண்டும். மகிழவில்லை, அக்கா. உங்களிடம் ஒளிக்க என்ன இருக்கிறது? கைக்கு வந்த பாஸில் அவர் பாதி கேட்கிறார் என்றுதான் முதலில் பட்டது. அவர் அந்தக் கதிரையில் எத்தனை காலமாக இருக்கிறார் என்பது பிறகுதான் நினைவில் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு சொன்னேன்:

"ஞாயிற்றுக்கிழமையிலை கூட்டிக்கொண்டு போறன். மற்ற நாளிலை நான் தனியத்தான் போவன்."

அவர் றேடியோவைத் திருகினார். நோகடித்துவிட்டேனோ என்ற பயத்தோடு இந்தக் கடதாசியையும் மடித்து வைத்தேன்.

இது மறுநாள் இருந்து எழுதுகிற மிச்சம். இன்று வெள்ளிக்கிழமை.

காலையில் முழுகி, சாமிக்கு விளக்கேற்றி, அவருக்குத் தேத்தண்ணியும் மருந்தும் கொடுத்துவிட்டு, போவதா விடுவதா என்று தெரியாமல் உங்கள் பெட்டியைத் துடைத்துக்கொண்டு நின்றேன். மணம் எப்படியும் போகாது என்று தெரிந்துவிட்டதால், உங்கள் சேலைகளைத் திரும்பவும் அதற்குள்ளேயே மடித்து வைத்துப் பூட்டினேன். அவை உங்கள் மகளுக்கு உரியவை. அவள் அடுத்த முறை வரும்போது திறப்பைக் கையில் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லத்தான் வேண்டும். அதுவரைக்கும் அது என் கைப்பைக்குள் கிடக்கட்டும்.

"நேரமெல்லோ போகுது" என்றது கதிரை. "நீர் இன்னும் வெளிக்கிடேல்லையோ?"

பழக்கத்தில் மீன்கூடையைக் கையில் எடுத்தேன். வெள்ளி என்பது நினைவுவரத் திரும்ப மாட்டிவிட்டு, வெறுங்கையோடு சைக்கிளை எடுத்தேன். கேற்றடியில் நின்று உங்கள் பொட்டுப் பக்கம் பார்த்தேன். மதில் இடுப்பளவுக்கு வந்துவிட்டது. மேசன்மார் இன்னும் வேலைக்கு வரவில்லை.

கடற்கரையில் மீன் கூறுகிற அண்ணை என்னைக் கண்டு, "என்ன தங்கச்சி, வெள்ளிக்கிழமையிலை? கூடையையும் காணேல்லை" என்றார். சும்மா வந்தனான் என்றேன். எங்கள் கட்டில் போய் இருந்தேன். உங்கள் இடத்தை விட்டுவிட்டுத்தான் இருந்திருக்கிறேன். இருந்து கொஞ்ச நேரத்துக்குப் பிறகுதான் அதைக் கவனித்தேன். தனியத்தான் போவன் என்று அவ்வளவு வீறாப்பாகச் சொன்னேனே, அந்தச் சொல்லின் பாரம் எனக்கு அங்கேதான் விளங்கியது. நான் கேட்டது அவரில்லாத நேரத்தை. கிடைத்தது நீங்கள் இல்லாத நேரம்.

ஆனாலும் எழும்பி ஓடிவரவில்லை, அக்கா. எனக்கு உரிய நேரம் முழுவதும் இருந்தேன். ஒரு வள்ளத்தில் இரண்டு பேர் வலையைப் பிரிப்பதில் சண்டை பிடித்தார்கள். நீங்கள் சொல்லிச் சொல்லிச் சிரிப்பீர்களே, அந்தச் சில்லாலை ஊர்ப் பெட்டைக்கு ஒருபடியாகக் கலியாணம் பொருந்திவிட்டதாம். இதை உங்களுக்குச் சொல்ல வேண்டுமே என்று வாய்வரை வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தபோது, அவர் கதிரையை எப்படியோ தானே அரக்கி விறாந்தை விளிம்புக்குக் கொண்டுவந்திருந்தார்.

"என்ன புதினம்?" என்றார்.

வெட்ட மீனில்லை. படியில் அவருக்குப் பக்கத்தில் இருந்து முழுவதையும் சொன்னேன், உங்களுக்கென்று வைத்திருந்ததையும் சேர்த்து.